20 அடி ஃபைபர் வள்ளத்துக்கு எந்த எஞ்சின்? அப்பா டூ ஸ்ட்ரோக் என்கிறார், நான் ஃபோர் ஸ்ட்ரோக் என்கிறேன்

சாளைக்காரன்:

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கரை எங்களுடையது. துறைமுகம் கிடையாது, மணலில்தான் வள்ளம் ஏறும். பஹ்ரைனில் 11 வருஷம் மீன்பிடி போட்டில் இருந்துவிட்டுப் போன மார்கழியில் ஊரோடு வந்துவிட்டேன். அப்பாவின் பிளைவுட் வள்ளம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஒரு வழியாகிவிட்டது. புதிதாக 20 அடி ஃபைபர் வள்ளம் சொல்லியிருக்கிறோம், கைக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். அதில் எந்த எஞ்சினை மாட்டுவது என்பதில்தான் வீட்டில் சண்டை.

இப்போது இருப்பது 8 எச்.பி. மண்ணெண்ணெய் எஞ்சின், டூ ஸ்ட்ரோக், அதாவது எரிபொருளிலேயே ஆயில் கலந்து ஓடுவது. அதே ஜாதியில் 9.9 எடு என்கிறார் அப்பா. நான் பஹ்ரைனில் பார்த்ததெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் தனியாக நிற்பது. புகை இல்லை, மெதுவாக ஓட்டினால் பக்கத்தில் இருப்பவனோடு சாதாரணமாகப் பேசலாம். எனக்கு 9.9 ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் வேண்டும். விலை மண்ணெண்ணெய் எஞ்சினைப் போலக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சொல்கிறார்கள்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சரியான பதில் வரும். வலை குறைவு, தூண்டில்தான் அதிகம். சீசனில் கணவாய். விடியக்காலம் 4 மணிக்கு இறங்கினால் 11 மணிக்குக் கரை. போகவர முக்கால் மணி நேரம் முழு வேகம், மிச்ச நேரமெல்லாம் எஞ்சினைக் குறைத்துப் போட்டு மெதுவாக இழுப்பது. ஆள் இரண்டு பேர், சில நாள் மூன்று. அப்பாவின் 8 எச்.பி.க்கு இந்தப் பாட்டுக்கு, அதாவது ஒரு தடவை கடலுக்குப் போய் வருவதற்கு, 16, 17 லிட்டர் மண்ணெண்ணெய் போகிறது. மானிய எண்ணெய் மாதத்தில் பாதி நாளுக்குக் காணும், மிச்சத்தை வெளியில்தான் வாங்க வேண்டும்.

அப்பாவுக்கு 68 வயது. வலது காது சுத்தமாகக் கேட்காது. எஞ்சின் பக்கத்துக் காது அதுதான். ஆனால் அந்த எஞ்சினின் சத்தத்தை மட்டும் அவர் உடம்பாலேயே கேட்டுவிடுவார். ஒரு ப்ளக் அடைக்க ஆரம்பித்தால் நமக்குத் தெரியுமுன் கை சட்டைப் பைக்குப் போய்விடும். புகையிலை டப்பாவில் எப்போதும் இரண்டு ப்ளக், ஒரு சின்ன ஸ்பேனர், கொஞ்சம் உப்புத்தாள். ஓடுகிற வள்ளத்தில் ப்ளக்கைக் கழற்றி, நுனியைத் தேய்த்து, மாட்டி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய அவருக்கு மூன்று நிமிடம் போதும்.

நான் ஏன் மாற்ற நினைக்கிறேன் என்றால், போன மாசி மாதம் நடந்த ஒன்று. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் நிற்கும், அணைந்தால் லேசில் பிடிக்காது. அன்றைக்கு நான்தான் திருப்ப மறந்தேன். அலை உடையும் இடத்தில் அணைந்தது. ஏழு தடவை இழுத்தேன், பிடிக்கவில்லை. வள்ளம் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அப்பா துடுப்பை ஊன்றி அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தை, திருப்பினாரோ, தப்பித்தோம். கணவாய்க் கூடை கடலுக்குப் போனது. தப்பு என்னுடையதுதான். ஆனாலும் இந்தப் பெட்ரோல், மண்ணெண்ணெய்த் திருப்பல் வேலையே இல்லாத எஞ்சின் இருக்கும்போது எதற்கு இது?

அப்பாவின் பதில் ஒன்றே ஒன்று. எஞ்சினைக் கழற்றி, தோளில் சாரத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு மணலில் நடந்தார். கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு, "மக்களே, நீ சொல்லுற சாதனத்த இப்படித் தூக்குவியா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். மணல் கரையில் ஃபோர் ஸ்ட்ரோக் வைத்து ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


பட்டறை அண்ணன்:

தம்பி, 26 வருஷமாக எஞ்சின் பிரிக்கிறேன். முதலில் ஒன்று, உன் அப்பா கேட்டது சரியான கேள்வி. மற்றவர்கள் பெட்ரோல் கணக்கில் ஆரம்பிப்பார்கள், அவர் தோளில் ஆரம்பித்திருக்கிறார்.

8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் 27 கிலோ பக்கம் வரும். நீ சொல்லும் 9.9 ஃபோர் ஸ்ட்ரோக் மாடலைப் பொறுத்து 40 முதல் 45 கிலோ. வால்வு, கேம், ஆயில் பம்ப், அடியில் ஆயில் நிற்கும் தொட்டி எல்லாம் சேர்ந்த கனம் அது. 45 கிலோவை ஒருவன் மணலில் தினமும் தூக்கினால் எஞ்சினுக்கு முன்னால் முதுகு பட்டறைக்குப் போகும். இரண்டு பேர் வேண்டும்.

கனத்தை விடப் பெரிய விஷயம், படுக்க வைப்பது. டூ ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்துப் போடலாம், உள்ளே ஆயில் தொட்டியே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தப்பான பக்கம் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மறுநாள் கயிறு இழுபடாது, இழுபட்டாலும் கொசு மருந்து அடிக்கிற மாதிரி புகை. எந்தப் பக்கம் கீழே வர வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கும். கொட்டகையில் எடுபிடிக்கு வரும் பையன் வரைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வகைக்கும் பொதுவானது ஒன்று: கழற்றியதும் கொஞ்ச நேரம் நேராக நிறுத்தி உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும்.

இனி எரிபொருள். டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியே போகும் வாசலும் புது எரிபொருள் உள்ளே வரும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வந்ததில் கால்வாசி வரை எரியாமல் அப்படியே வெளியே போய்விடும். வள்ளத்துக்குப் பின்னால் தண்ணீரில் வானவில் மாதிரி மிதக்கிறதே, அது உன் காசு. முழு வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். குறைத்துப் போட்டு ஓட்டும்போதுதான் ஃபோர் ஸ்ட்ரோக் மிச்சம் பிடிக்கும். உன் தொழிலில் ஐந்து மணி நேரம் குறைத்துத்தானே ஓடுகிறது? அதனால் உனக்கு லாபம் இருக்கிறது. தினமும் முழு வேகத்தில் வலைக்கு ஓடுகிறவன் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தக் குறைத்து ஓட்டுவதிலேயே ஒரு சங்கடமும் இருக்கிறது. மணிக்கணக்காக மெதுவாக ஓடினால் ஃபோர் ஸ்ட்ரோக் சரியாகச் சூடாகாது. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கும். காலையில் டிப் குச்சியை எடுத்துப் பார், ஆயில் அளவு குறையாமல் ஏறியிருந்தால், மோந்தால் பெட்ரோல் வாசம் அடித்தால், அதுதான் கோளாறு. அடிக்கடி ஐந்து பத்து நிமிடம் வேகம் கொடுத்து ஓட்டு. டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் இதே ஓட்டத்துக்கு ப்ளக் அடைக்கும், உன் அப்பா டப்பாவைத் திறப்பார், முடிந்தது.

யாராவது சொல்லிவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன்: ஃபோர் ஸ்ட்ரோக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்காதே. போன வருஷம் ஒருவன் பெட்ரோலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டினான். ஆயில் தண்ணியாகி பேரிங் போய், கிராங்க் போய், என்னிடம் வரும்போது எடைக்குத்தான் போடலாம் என்ற நிலை.


கோடியக்கரை:

இத்தனை யோசனை எதற்கு? எங்கள் பக்கம் ஃபைபர் போட்டெல்லாம் லம்பார்டினி டீசல்தான், நீண்ட தண்டின் நுனியில் புரொப்பல்லர் சுற்றும் நீள வால் எஞ்சின். டீசல் எங்கும் கிடைக்கும், ரிப்பேர் பார்க்கத் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான்.


பட்டறை அண்ணன்:

கோடியக்கரை அண்ணாச்சி, உங்கள் கடல் வேறு. அந்தக் கனத்தோடு ஆடி மாதம் இங்கே அலையில் ஏறி இறங்கிக் காட்டுங்கள், நான் மாலை வாங்கி வைக்கிறேன்.


தலைமன்னார் தம்பி:

அண்ணன், எங்கட பக்க அனுபவத்தையும் சொல்கிறேன். இங்கே இலங்கையில் 18 அடி போட்டுக்கு 9.9, 15 எச்.பி.தான் கூடுதல், எல்லாம் மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. அடுத்த நாள் கரையில் ஒரு எஞ்சின் சத்தமும் இல்லை. சில பேர் பாய் கட்டினார்கள், சில பேர் துடுப்பு வலித்தார்கள். நான் 15 லீற்றர் அடித்தால் 5,100 ரூபாய், அன்றைக்கு வந்த மீன் அதற்குக் காணாது. அதற்கு முன்னமே லைனில் நின்று எண்ணெய் கிடைக்காமல் திரும்பிய நாட்கள் எத்தனையோ.

அப்போதுதான் நானும் ஃபோர் ஸ்ட்ரோக்கை விசாரித்தேன். கடைசியில் எடுக்கவில்லை. காரணம் விலை இல்லை. எங்கட கிராமத்தில் டூ ஸ்ட்ரோக் திருத்தத் தெரிந்தவர்கள் ஆறு பேர். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் மன்னார் ரவுணுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கும் சாமான் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு கிழமை எஞ்சின் இல்லை என்றால் இரண்டு கிழமை கடன். உங்கட கரையில் இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம்), ஆயில் ஃபில்டர், இக்னிஷன் சாமான் எவ்வளவு நாளில் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கோ.

இன்னொன்று. எங்கட மாமாவின் போட் அலையில் புரண்டு எஞ்சின் ஒரு இரவு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. டூ ஸ்ட்ரோக். காலையில் எடுத்து, ப்ளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்துத் தண்ணீரைத் துப்பவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவி, ஆயில் விட்டு, பின்னேரம் ஸ்டார்ட் எடுத்தார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இது நடக்குமா என்று பட்டறை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.


மெல்பன் தூண்டில்:

நான் தொழில்காரன் இல்லை, சனி ஞாயிறு மீன் பிடிக்கிறவன், அலுமினிய போட். ஆஸ்திரேலியாவில் பழைய மாதிரி கார்ப்பரேட்டர் டூ ஸ்ட்ரோக் புதிதாக வாங்கவே முடியாது. 2018 ஜூலையிலிருந்து இறக்குமதியும் 2019 ஜூலையிலிருந்து விற்பனையும் நின்றுவிட்டன, புகை விதி அப்படி. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஓட்டலாம். அதனால் பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு இங்கே தனி மவுசு, சின்ன போட்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். காரணம் சாளைக்காரனின் அப்பா சொன்னதேதான், கனம்!

நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருள் அடிக்கும் நவீன டூ ஸ்ட்ரோக்கும் இருந்தது, எவின்ரூட் இ-டெக். 2020 மே மாதம் அந்த எஞ்சின் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. நல்ல எஞ்சின், என்ன செய்ய.


சாளைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தலைமன்னார் தம்பி கேட்டதை விசாரித்தேன். கடைக்காரர் "எல்லா ஸ்பேரும் இருக்கு" என்றார். இம்பெல்லர் காட்டுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். வேறு ஒரு கடைக்குப் போனேன், அங்கே இம்பெல்லர், தெர்மோஸ்டாட், ப்ளக், ஃபில்டர் எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருந்தன. கார்ப்பரேட்டர் மாடலும் உண்டு, பேட்டரி இல்லாமலே ஓடும் இஎஃப்ஐ (கம்ப்யூட்டர் எரிபொருளை அளந்து அடிப்பது) மாடலும் உண்டு என்றார்கள். அண்ணே, மூழ்கினால் என்ன ஆகும்? அப்புறம், இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, அது?


பட்டறை அண்ணன்:

மூழ்கினால் இரண்டும் பிழைக்கும், வேலைதான் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி, ஓட்டி, பால் மாதிரி வெளுத்தால் மறுபடி வடித்து, இப்படி மூன்று நான்கு தடவை. இஎஃப்ஐ என்றால் கூடவே கம்ப்யூட்டர் பெட்டி, வயர் முனைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், அப்போது கயிற்றை வலுக்கட்டாயமாக இழுக்காதே, டூ ஸ்ட்ரோக்கானாலும் சரி. உடனே மெக்கானிக் கிடைக்காவிட்டால் எஞ்சினை வெயிலில் காயப்போடக் கூடாது. நல்ல தண்ணீர் பேரலில் முக்கியே வை. உப்பு ஏறிய இரும்பில் காற்று பட்ட பிறகுதான் துரு ஓட ஆரம்பிக்கும்.

எத்தனால் நல்ல கேள்வி. அவுட்போர்டு (இப்படி வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின்) கம்பெனிகளின் கையேட்டில் எல்லாம் 10 சதவீதம் வரைதான் சம்மதம் என்று போட்டிருக்கும். நமக்குப் பம்பில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்கரையில் டேங்க் மூடியைத் திறந்தாலே ஈரம்தான். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்குக்கு இது எமன், ஏனென்றால் அந்த அடித்தண்ணியில் ஆயில் இருக்காது. எஞ்சின் அதை உறிஞ்சினால் உயவு இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் அணைந்துவிடும், ஆயில் தனியாக இருப்பதால் உடனே சிலிண்டர் போகாது. அந்த வகையில் உனக்குச் சாதகம்.

செய்ய வேண்டியது: அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கு. டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடு. நான்கு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் டேங்க்கை வடித்து பைக்குக்கு ஊற்றிவிடு. ரப்பர் குழாய் மெத்தென்று ஆகிறதா என்று விரலால் அமுக்கிப் பார். வாரண்டியில் இந்தப் பெட்ரோலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைக்காரரிடம் வாயால் கேட்காதே, எழுதி வாங்கு.

முதல் 20 மணி நேரத்தில் ஒரு ஆயில் மாற்று, பிறகு 100 மணிக்கு ஒரு தடவை. உன் ஓட்டத்துக்கு 100 மணி என்பது மூன்று வாரத்துக்குள் வந்துவிடும், இது தொழில்காரர்களுக்குக் கடைசியில்தான் புரிகிறது. தினமும் கரை ஏறியதும் பாதியாக வெட்டிய பேரலில் நல்ல தண்ணீர் பிடித்துப் பத்து நிமிடம் ஓட்டு. எஞ்சின் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்பதை எப்போதும் பார். மணல் கரையில் முதலில் போவது இம்பெல்லர்தான், நீ சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.


சாளைக்காரன்:

எஞ்சின் எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது, சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

9.9 ஃபோர் ஸ்ட்ரோக்கே எடுத்தேன், கார்ப்பரேட்டர் மாடல். தோள் பிரச்சினைக்கு அப்பாவே வழி சொன்னார். மூங்கில் கம்பு ஒன்றில் கயிற்றுத் தொட்டில் கட்டி, எஞ்சினை நேராகத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர். வள்ளத்திலிருந்து கொட்டகை வரை 90 அடி. படுக்க வைக்கும் பேச்சே இல்லை, கொட்டகையிலும் ஒரு பலகையில் நேராகத்தான் மாட்டி வைக்கிறோம். பழைய 8 எச்.பி.யை விற்கவில்லை. வள்ளத்துக்குள் சாக்கு சுற்றிக் கிடக்கிறது, பெரியது படுத்தால் அதை மாட்டிக்கொண்டு கரைக்கு வரலாம் என்று. இரண்டு எஞ்சின் கனம் சுமப்பது முட்டாள்தனம் என்று பட்டறை அண்ணன் திட்டலாம், ஆனால் அது இருந்தால்தான் ஏறுவேன் என்றார் அப்பா.

அதே பாட்டுக்கு இப்போது 10, 11 லிட்டர் பெட்ரோல். வெளியில் வாங்கும் மண்ணெண்ணெயோடு வைத்துப் பார்த்தால் மிச்சம்தான், மானிய எண்ணெயோடு வைத்துப் பார்த்தால் மிச்சம் இல்லை. இரண்டு தடவை ஆயில் மாற்றியாகிவிட்டது. ஒரு நாள் டிப் குச்சியில் பெட்ரோல் வாசம் வந்தது, அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை வேகம் கொடுக்கிறேன். முழு லோடில் புறப்படும்போது பழையது மாதிரி உடனே உந்தித் தள்ளவில்லை. புரொப்பல்லரை பிட்ச் (இலையின் சாய்வு) குறைந்ததாக மாற்றினேன், பரவாயில்லை.

முதல் நாள் அப்பாதான் ஸ்டார்ட் செய்தார். கயிற்றை இழுத்தார், இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துவிட்டது. அவர் மறுபடி இழுத்தார். மறுபடியும். "அப்பா, ஓடுது" என்றேன், அந்தக் காதுக்கு எட்டவில்லை. கையைப் பிடித்து எஞ்சின் கவர் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது ஓடுறது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

பட்டறை அண்ணன் சொன்ன தண்ணீர்ப் பீய்ச்சலை அப்போதுதான் அவருக்குக் காட்டினேன். இப்போது நான் எஞ்சினில் இருந்தாலும் சரி, அவர் இருந்தாலும் சரி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் எட்டிப் பார்த்து, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று விரலை நீட்டி நனைத்துக்கொள்கிறார்.